காட்டிக்கொடுத்த குடுவை

ஜூன் 26, புதன்
மனநல மையத்தில் சுவரொட்டி வேலை. ஜூலை 17 தற்கொலைத் தடுப்பு நாளுக்காக. மனச்சிதைவு நோயோடு வாழும் நாங்கள் ஒன்பது பேரும் எங்களைப் போன்றவர்களுக்கு எங்கள் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். தூரிகையை என்னிடம் தள்ளிவிட்டார்கள். நான்தான் எழுதினேன்: “இந்த ஒரு ரகசியத்தை மட்டும் காப்பாற்றாதே.” எங்கள் ஒன்பது பேரில் ஒருவனான நெல்சன் தலையைச் சாய்த்துப் பார்த்து, “எழுத்து கோணல், விஷயம் நேர்” என்றான். பதினோரு வருடமாக அவன் கேலியும் என் மாத்திரையும்தான் தவறாமல் வருகின்றன.

ஜூலை 3
குரல்கள் திரும்பிவிட்டன. அக்கா மாபெலிடம் சொல்லவில்லை. சொன்னால் ரொட்டிக்கடை வேலையை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள்.

ஜூலை 8
மாத்தே என்ற இலைத் தேநீர் குடிக்கும் என் குடுவையை நெல்சனுக்குக் கொடுத்தேன். இருபது வருடம் என் கையிலேயே இருந்தது. இந்த ஊரில் போட்டிருக்கும் சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுப்பார்கள். தான் மாத்தே குடிக்கும் குடுவையை யாரும் கொடுப்பதில்லை. ஆற்றங்கரை பெஞ்சில் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நேராகவே கேட்டான்: “டெல்மிரா, சாகணும்னு நினைக்கிறியா?”

ஆமாம் என்றேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 9
சொல்லிவிட்டான். நேற்று மாலையே அக்காவின் கடைக்குப் போயிருக்கிறான். இன்று டாக்டர், புது மருந்து. மருந்துப் பெட்டி இனி அக்காவிடம்.

பாவி. சத்தியத்துக்கு ஒரு நாள் ஆயுசுகூட இல்லையா? குரல்களாவது என்கிட்டயே பேசுது. இவன் முதுகுக்குப் பின்னால போயிட்டான். இனிமே யாரை நம்பறது?

ஜூலை 10
மையத்துக்குப் போகவில்லை.

ஜூலை 11
அக்கா அழவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்: “அவன்கிட்ட சொன்னே. என்கிட்ட ஏன்டி சொல்லல?” துரோகம் எனக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 14
நெல்சன் வந்தான். கதவைத் திறக்கவில்லை. “சத்தியம் பண்ணியேடா” என்றேன், உள்ளேயிருந்தே.

“பண்ணும்போதே பொய்னு தெரியும். சொல்லத்தான் போறேன்னு உன்கிட்டயே சொல்லியிருக்கணும். தைரியம் வரல. அதுக்குத் திட்டு, வாங்கிக்கறேன்.”

திட்டினேன். பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். அவன் போகவில்லை.

ஜூலை 17, புதன்
அக்காவோடு சதுக்கத்துக்குப் போனேன். இரண்டு மரங்களுக்கு நடுவே எங்கள் சுவரொட்டி. என் கோணல் எழுத்து. ஊருக்குத்தான் உபதேசம், எனக்கில்லை என்று நினைத்து எழுதியிருக்கிறேன் போல. இரண்டு தடவை படித்தேன்.

நெல்சன் குடுவையை நீட்டினான். ஒரு தடவைகூட அதில் குடிக்கவில்லையாம். உன்னை இன்னும் மன்னிக்கவில்லை என்றேன்.

“மன்னிக்க வேண்டாம். அடுத்த புதன்கிழமை மையத்துக்கு வந்துடு.”

குரல்கள் இருக்கின்றன, கொஞ்சம் தள்ளி. குடுவையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் மாத்தே இலை தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.