உன் கேஸைக் கூட்டத்தில் சொன்னேன்

அன்புள்ள அக்கா,

நீ போய் அடுத்த ராகி அறுவடையும் முடிந்துவிட்டது. கூலிக்கு ஆள் கூப்பிட வருகிறவர்கள் இன்னும் நம் வாசலில் ஒரு நிமிடம் தயங்கித்தான் நகர்கிறார்கள். நான் இப்போது ஓசூரில் பல் டாக்டர். அதைப் பார்க்க நீ இல்லை.

உன் சாவை நம் வீட்டில் தலையெழுத்து என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது. கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கியபோது நீ கிருஷ்ணகிரிக்குப் போனாய். அங்கே பல் பார்க்கிற பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, தவிடு வறுத்துக் கன்னத்தில் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். அம்மா விடாமல் கொடுத்தாள். வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்தது. சீழ் கட்டிய கன்னத்துக்கு வெளியே சூடு வைக்கக் கூடாது என்று பம்பாயில் படித்தபோது என் பாடப் புத்தகத்தில் இருந்தது. அவர் காலத்துப் புத்தகத்தில் வேறு இருந்திருக்கலாம். பட்டம் வாங்கிய பிறகு அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

அதே சமயத்தில் பெரிய பண்ணை வீட்டு அம்மாவுக்கும் கன்னம் வீங்கியது. அவரை உடனே காரில் பெங்களூருக்கு அனுப்பியவரும் இதே டாக்டர்தான். தனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா. உன்னிடம் மட்டும் அதைச் சொல்ல ஏன் தோன்றவில்லை?

இந்தப் பக்கத்துப் பல் டாக்டர்கள் அவ்வப்போது கிருஷ்ணகிரியில் கூடுகிறோம். அவரவர் செய்த நல்ல பல்செட்டைத் துணியில் சுற்றி எடுத்துவந்து மேசையில் வைப்பது வழக்கம். பாராட்டிவிட்டு, போண்டா தின்றுவிட்டுக் கலைவோம். போன ஞாயிற்றுக்கிழமை நான் வெறுங்கையோடு போனேன். இனிமேல் கெட்டுப்போன கேஸையும் சொல்லுவோம், அப்போதுதான் புதிதாக எதையாவது கற்றுக்கொள்வோம் என்றேன்.

கெலமங்கலத்து டாக்டர் சிரித்தார். "கட்டுன பொண்டாட்டிகிட்டயே தப்புன்னு ஒத்துக்கிட்டதில்ல. உங்ககிட்ட ஒத்துக்கணுமாப்பா?"

"அப்ப நானே ஒண்ணு சொல்றேன்" என்று உன் கதையைச் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. தவிட்டு ஒத்தடம் என்றதும், எதிரில் உட்கார்ந்திருந்த அதே பெரிய டாக்டர் கையிலிருந்த போண்டாவைத் தட்டில் வைத்தார்.

"அந்தப் பொண்ணு உனக்கு என்ன வேணும்?"

"கூடப் பொறந்த அக்கா, சார்."

கேலி செய்த கெலமங்கலத்தார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "நானும் ஒத்தடந்தான் சொல்லிட்டிருக்கேன். வேற என்னத்தப் பண்றது, சொல்லு."

பென்சிலின் ஊசி போட வேண்டும், கீறிச் சீழை வடிக்க வேண்டும் என்றேன்.

"எங்க கீறுவே? காட்டு" என்றார் அவர்.

எனக்குப் படித்துத்தான் தெரியும், கை வைத்ததில்லை. அதையும் சொல்லித் தொலைத்தேன். பெங்களூர் ஆஸ்பத்திரியில் கீறுவதை வெளி டாக்டர்களும் நின்று பார்க்கலாமாம், வரும் புதன்கிழமை போகிறேன் என்றேன்.

கிளம்பும்போது பெரிய டாக்டர் வாசற்படியில் நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "புதன்கிழமை பஸ்ல எனக்கும் ஒரு எடம் போடு, தம்பி" என்றார்.

அந்த ஆளோடு தோள் உரச எப்படி உட்காருவது? நீயாக இருந்தால் என்ன செய்வாய்? முடியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால், அடுத்து வீங்கிய கன்னத்தோடு வருகிற கூலிக்காரியையும் தவிடு வறுக்கத்தான் அனுப்புவார்.

இடம் போடுகிறேன், அக்கா. மன்னிக்கமாட்டேன். கத்தி எங்கே இறங்குகிறது என்று அவர் கண்ணால் பார்க்கும்வரை பக்கத்தில் நிற்பேன். பார்த்து வந்த பிறகும் ஒருத்தியை ஏழை என்று திருப்பி அனுப்பினால், அடுத்த கூட்டத்தில் அவர் பெயரையும் உன் பெயரையும் சேர்த்தே சொல்லுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவன்,
மாதையன்