மணிவிழா மலருக்கு ஒரு சரித்திரம்

காஸல்,
11-2-1973

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

பதினொரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இனி முடியாது. உங்கள் மணிவிழா மலருக்கு முதல் கட்டுரை நான்தான் எழுத வேண்டும் என்கிறீர்கள். எதை எழுதட்டும்?

இங்க்ரிடோடு சென்னைத் துறைமுகத்துக்கு வந்தேனே, அதையா? நீங்கள் அனுப்பிய டிரைவர், "சின்னய்யாவை மட்டும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்றான். கர்ப்பிணியாக இருந்த என் மனைவி அதே கப்பலில் திரும்பிப் போனாள். பிறகு நீங்கள் வைதேகியைப் பார்த்து எனக்குக் கல்யாணம் முடித்தீர்கள். உங்கள் கைத்தறி ஏற்றுமதிக்கு ஜெர்மனிக் கிளைத் தலைவனாக என்னை உட்கார வைத்தீர்கள்.

இங்க்ரிடின் மகள் மார்கரெட் ஹனோவரில் படிக்கிறாள். மலரில் வரும் குடும்பப் படத்துக்குக் கீழே அவள் பெயரும் இருக்கட்டும். அப்படியானால் நீங்கள் கேட்டபடி எழுதித் தருகிறேன்.

சேதுராமன்


சென்னை,
24-2-1973

சிரஞ்சீவி சேதுவுக்கு ஆசீர்வாதம்.

அங்கே குளிர் அதிகம் போலிருக்கிறது, பழசெல்லாம் கிளம்புகிறது. வைதேகியிடம் சொல்லி மிளகு ரசம் வைத்துச் சாப்பிடு.

நீ கேட்ட பெயர் வராது. மண்டபம் நிறைய சம்பந்திகள் உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கு நான் பதில் சொல்வது? நீ சரித்திரம் படிக்கப் போனவன்தானே, சரித்திரமாகவே எழுது. கீழே உன் கையெழுத்து முக்கியம். அதை அப்படியே பிளாக் எடுத்து அச்சிடுகிறோம்.

சுவாமிநாதன்


காஸல்,
10-3-1973

அண்ணா,

நீங்கள் கேட்ட சரித்திரம்.

நெப்போலியனின் கடைசித் தம்பி ஜெரோம், அமெரிக்காவில் ஒருத்தியை மணந்துகொண்டான். கர்ப்பிணியான அவளோடு லிஸ்பனுக்குக் கப்பலில் வந்தான். பேரரசரின் உத்தரவு, தம்பி மட்டும் இறங்கலாம். இறங்கினான். இரண்டு வருஷத்தில் அவனுக்கென்றே வெஸ்ட்ஃபாலியா என்று ஒரு ராஜ்யம் உண்டாக்கினார்கள். அண்ணன் பார்த்து முடித்த ராஜகுமாரியும் வந்தாள். சிம்மாசனம் இதே காஸலில். அரண்மனையில் விருந்தும் ஆட்டமும். அண்ணனிடமிருந்து கடிதம் கடிதமாக வசவு. ஆறு வருஷத்தில் அண்ணன் தோற்றார், தம்பி ஊரைவிட்டு ஓடினான். முதல் மனைவியின் குழந்தையைப் பேரரசர் கடைசிவரை குடும்பத்து வாரிசாக ஏற்கவில்லை.

இதைச் சம்பந்திகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

வைதேகியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். கவரில் தபால்தலையை ஒட்டி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ராஜாவாக இருந்தவரை தம்பிக்கு இருந்த ஒரே வேலை கையெழுத்துப் போடுவது. மார்கரெட்டின் பெயர் இல்லாத மலரில் என் பெயரும் வேண்டாம். பிளாக் எடுக்க நீங்கள் கேட்டது இதில் இல்லை. இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.