ஒற்றைக் கைக் கொக்கி

மார்ச் 4

வக்கீல் பட்டறைக்கே வந்துவிட்டார். அண்ணன் வெளிநாட்டில் செய்யச் சொன்ன டிபன் பாக்ஸ்கள் கப்பல் ஏறிவிட்டனவாம். மாதிரி ஒன்றை என் மேஜைமேல் வைத்தார். எங்கள் பட்டறை டிபன் பாக்ஸை அப்படியே உரித்து வைத்திருந்தது. அதே கொக்கி. கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் மூடி திறந்துகொள்கிறது. எங்கள் விலையில் பாதிக்கு விற்கப் போகிறானாம். விற்றால் நான் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"சரக்கு வந்து இறங்குறதுக்குள்ள தடை வாங்கிடணும். கடைக்குக் கடை போயிட்டா அப்புறம் எங்கன்னு போய்ப் புடிப்பீங்க?"

சரி என்றேன்.

மார்ச் 9

டிசைன் பதிவு ஏன் என் பெயரில் மட்டும் இருக்கிறது என்று வக்கீல் கேட்டார். சொன்னேன்.

சின்ன வயதில் அண்ணனின் வலது கை இயந்திரத்தில் மாட்டி மடங்கிப் போனது. அதன்பிறகு டப்பாவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையால் மூடியைப் பிடுங்குவான். பாதிச் சோறு சட்டையில் இருக்கும். அதற்காகத்தான் அந்தக் கொக்கி. சமையலறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் தகரத்தை வெட்டி வெட்டிச் செய்தது. பதிவு செய்யும்போது அவன்தான் சொன்னான்: "உன் பேர்லயே போடு, குட்டச்சி. என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். ஒண்ணோட ஒண்ணு ஒத்தே போகாது, திருப்பி அனுப்பிடுவாங்க." விழுந்து விழுந்து சிரித்தோம்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் வக்கீல். சுருக்கென்றது.

விலையைக் குறை, கை முடியாதவர்கள் எல்லோரும் வாங்கட்டும் என்று கேட்டுத்தான் அவன் சண்டை போட்டான். பட்டறையை ஏலம் விடச் சொல்கிறாயா என்று நான் கத்தினேன். அன்றைக்குப் போனவன்தான், தனியாகக் கடை வைத்துவிட்டான்.

மார்ச் 17

இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது. சரக்கு துறைமுகத்தை விட்டு வெளியே வரக்கூடாது. வக்கீல் இனிப்பு நீட்டினார். வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2

துறைமுகக் குடோனில் பெட்டியைப் பிரித்தார்கள். சுங்க அதிகாரி, இரண்டு வக்கீல்கள், அண்ணன், நான். என்னுடையதையும் அவனுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

"கொக்கி மட்டும் இடது பக்கம் மாறியிருக்கு சார். மத்தபடி அச்சு அசல்" என்றார் என் வக்கீல்.

மாற்றியது அவன் இல்லை. நான். முதலில் செய்தது இடது பக்கம்தான், அவன் கைக்கு. விற்பனைக்காக நான்தான் வலது பக்கம் கொண்டுபோனேன்.

"எதைப் பாத்துச் செஞ்சீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க வீட்ல இருக்கறதப் பாத்துதான்."

அவனுடைய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். அதிகாரி எழுதிக்கொண்டார். ஏண்டா, ஒரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டியா? பொய் சொல்லத் தெரியாத மடையா! நீ தோக்கணும்னுதானே நான் வந்தேன் — அப்புறம் எனக்கு எதுக்கு இப்படி அழுகை வருது?

ஏப்ரல் 3

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே டப்பாவுலதான்டி கட்டிக் குடுத்தேன்" என்றாள்.

ஜூன் 20

ஜெயித்துவிட்டேன். நிரந்தரத் தடை. சரக்கை அழிக்க வேண்டும். அவன் கைவசம் இருப்பதை எல்லாம் ஒப்படைக்க வேண்டும். பட்டறையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜூன் 28

அவன் ஒப்படைத்ததை வக்கீல் கொடுத்தனுப்பியிருந்தார். புது மாதிரிகளுக்கு அடியில் நசுங்கிய பழைய டப்பா ஒன்று. நாங்கள் முதன்முதலில் செய்தது. இத்தனை வருஷமும் அதில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வக்கீலுக்குப் போன் போட்டேன். "இத எடுத்துட்டுப் போங்கன்னு நானே சொன்னேம்மா. 'தீர்ப்புல எல்லாத்தையும்னுதானே போட்டிருக்கு'ன்னு வச்சிட்டுப் போயிட்டார்."

ரோஷக்காரன். பாவி.

ஆகஸ்ட் 11

கடையை மூடிவிட்டு ஒரு குடோனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். பழைய டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு மத்தியானம் போனேன். வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"வாங்க" என்றான். குட்டச்சி இல்லை. வாங்க.

டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"வேணாம். நான் வச்சிருக்கக் கூடாது."

"நான்தானே தர்றேன். நான் குடுத்தா யார்டா கேக்கப் போறா?"

"பரவால்ல. இருக்கட்டும். சாப்டீங்களா?"

குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் திரும்பச் சண்டையாவது போட்டிருப்பேன்.

கடையில் கிடைக்கிற சாதாரண டப்பா ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையால் மூடியைப் பிடுங்கினான். வரவில்லை. மறுபடி பிடுங்கினான். சோறு சட்டையில் கொட்டியது. தட்டிவிட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.