ஒரே ஒரு சமக்குறி

அன்பு மனைவிக்கு,

நீயும் அம்மாவும் சுகந்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை.

கிடங்கு அலுவலகத்தில் ஜாவாஸ்கிரிப்ட் கற்று வருகிறேன் அல்லவா? வண்டி பழுதான ஓட்டுநர்களுக்கு மட்டும், அது சரியாகும்வரை, "நாளை முதல் வரவேண்டாம்" என்று செய்தி போக ஒரு புரோகிராம் எழுதினேன். வண்டி பழுதா என்று கேட்க இரண்டு சமக்குறி போடவேண்டும். நான் ஒன்றுதான் போட்டேன். கணினி கேட்காமலே எல்லா வண்டியும் பழுது என்று முடிவுகட்டி, நாற்பது பேருக்கும் செய்தி அனுப்பிவிட்டது.

மறுநாள் காலை மூத்த ஓட்டுநர் வண்டிச் சாவியோடு வந்து நின்றார்.

"பதினெட்டு வருஷமா ஓட்டுறேன் தம்பி. போகச் சொல்றதா இருந்தா நேர்ல சொல்லியிருக்கலாமே?"

"ஐயோ அண்ணே, உங்கள யாரும் போகச் சொல்லல. தப்பு என்னோடது."

சிரித்துவிட்டார். ஆனால் சாவியைப் பைக்குள் போடுமுன் அந்தச் செய்தியை இன்னொரு முறை எடுத்துப் படித்தார். சோதித்துப் பார்த்து அனுப்பியிருக்கலாம். மனசு ஆறவில்லை.

நீ போர்த்துகிற போர்வையை அனுப்பு. குளிரெல்லாம் இல்லை, சும்மாதான்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். போன முறை உன்னைக் கேட்காமலே சரியென்றுவிட்டேன். இந்த முறை நீ சொல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன். வேலைக்கு மணியடிக்கிறது.

உன்னவன்