குவாரி பூட்டியிருந்த வாரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். குழந்தைக்கு இருமல் நின்றதா? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஆய்வகத்தில் பேசினால் யாரோ ஒட்டுக் கேட்பதுபோல் இருக்கிறது. வீட்டில் பேசினால் உன் அம்மா நிச்சயம் கேட்பாள்.

ஓய்வு பெற்ற என்னை எதற்கு மறுபடி கூப்பிட்டார்கள் என்று கேட்டிருந்தாய். உங்கள் குடியிருப்புக்கு மேலே இருக்கும் அணையைச் சுற்றி அதிர்வுமானிகள் வைத்திருக்கிறார்கள் அல்லவா? அவற்றின் பதிவுகளில் லாரி, காற்று, மதகுத் தண்ணீர் என்று ஒரே இரைச்சல். அதற்குள் நிஜமான நில அதிர்வை எந்த முறை சரியாகப் பிடிக்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். பழைய முறை, இப்போதைய ஆட்டத்தை நெடுநேரச் சராசரியோடு ஒப்பிட்டு, சட்டென்று எகிறினால் மணியடிக்கும். ஆடு வந்து முதுகைத் தேய்த்தாலும் அடிக்கும். புதிய முறை, பழைய பதிவுகளைக் காட்டிக் கணினியைப் பழக்கியது. அது வீணாக அடிப்பதே இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

பழக்கியவர்கள், அணைப் பக்கமிருந்து பகலில் வந்த அதிர்வுகளையெல்லாம் குவாரி வெடி என்றே குறித்திருக்கிறார்கள். கணினியும் அவற்றை வெடி என்று ஒதுக்கிவிடுகிறது. போன மாதம் வேலைநிறுத்தத்தில் குவாரியைப் பூட்டிய வாரத்திலும் ஒதுக்கியிருக்கிறது! குவாரிக் காவலாளியிடம் விசாரித்தேன். "சாவி என் இடுப்புல இருக்குங்க, வெடி எங்கேருந்து வரும்?" என்றார். அவரையும் நான் முழுதாக நம்பவில்லை.

வெடி என்றால் எல்லாக் கருவியிலும் முதல் உதை மேல்நோக்கித்தான் இருக்கும். அந்த வாரப் பதிவில் மூன்றாவது கருவியில் கீழ்நோக்கி இருந்தது. ஒயரை மாற்றி இணைத்திருப்பார்களோ என்று ஒரு சந்தேகம். தொலைதூரப் பெருநடுக்கம் ஒன்றின் பதிவை எடுத்துப் பார்த்தேன். அதில் எல்லாக் கருவிகளும் ஒரே திசையில்தான் உதைத்திருந்தன. ஒயரில் பிழையில்லை. அப்படியானால் அது வெடியில்லை, அணைப் பக்கம் நிலமே அசைகிறது.

இயக்குநரிடம் சொன்னேன். "ஐயா, ஒரு கோடு கீழ போனதுக்கு அணையையே கவுத்துடுவீங்க போலிருக்கே" என்று சிரித்தார். மறுநாள் அந்த வாரத்தை மட்டும் ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம், இரைச்சல் அதிகமாம். குவாரி ஓடாத வாரத்தில் இரைச்சல் ஏதம்மா? அடுத்த வாரம் பழைய மணியை நிறுத்தப் போகிறார்கள். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.

மாப்பிள்ளையிடம் இதைக் காட்டாதே. நல்ல மனிதர்தான். ஆனால் அணை அலுவலகத்தில் வேலை. "மாமாவுக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்" என்று அங்கேயே நாலு பேரிடம் சொல்லிவிடுவார். அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று சொல், லீவு போடுவார். உன்னைப் பொய் சொல்லச் சொல்கிறேனே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மூன்று பேரும் கிளம்பி வந்துவிடுங்கள். குழந்தையின் பள்ளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கிழவன் சொன்னது தப்பு என்று ஆனால், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆயுசு முழுக்க என்னைக் கேலி செய்யுங்கள். அந்தக் கேலியைக் கேட்கத்தான் ஆசைப்படுகிறேன், கண்ணம்மா.

மூவரும் நூறாண்டு இருக்க வேண்டும்.

உன் அப்பா