ஐந்தே பாடத்தில் விரல் விசில்

ஜூன் 3

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை ஒன்பது இருபது மணியளவில் எங்கள் வீட்டின் மூலை அறை காலியானது. அண்ணன் வெளியூர் வேலைக்குப் புறப்பட்டுவிட்டான். உடன் சென்றவை: இரண்டு பெட்டிகள், ஒரு தலையணை, என் ஹெட்போன்.

ஹெட்போனுக்காக இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி. பிறகு கொண்டாட்டம். ஜன்னல் உள்ள அறை! தாழ்ப்பாள் உள்ள கதவு!

பதினாறு வருடமாக அக்காவோடு ஒரே அறையில் இருக்கிறேன். அவளுக்கு நான் வைத்த பெயர் அட்டவணை. பல் தேய்ப்பதற்கும் நேரம் குறித்துச் சுவரில் ஒட்டுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவள் எனக்கு வைத்த பெயர் வாலு. அதற்கு விளக்கம் தேவையில்லை.

மத்தியானம் சாப்பிடும்போதே ஆரம்பித்தாள். “நான் ஆன்லைன்ல பாடம் நடத்தப் போறேன். அந்த ரூம் எனக்குத்தான் வேணும்.”

“நானும்தான் நடத்தப் போறேன்” என்றேன், வாயில் கவளத்தோடு. எந்தப் பாடம் என்று எனக்கே தெரியாது.

அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு சொட்டில் எத்தனை அணு என்று எண்ணுகிறவளிடம் நம் ஜம்பம் சாயாது. “சரி, ரெண்டு பேரும் நடத்திக் காட்டுங்க. பதினாலாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணுவேன். முன்னபின்ன தெரியாதவங்க பத்துப் பேராவது காசு கொடுத்துச் சேர்ந்திருக்கணும். யாருக்கு அதிகமோ அவங்களுக்கு ரூம். சொந்தக்காரங்க கணக்குல வர மாட்டாங்க.”

“ரெண்டு பேருக்குமே பத்து வரலைன்னா?”

“துணி காயப்போடுவேன்.”

ஜூன் 4

எனக்குத் தெரிந்த கலைகளை எல்லாம் யோசித்துப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் குரலில் பேசுவது. தலைமை ஆசிரியர் அறைக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைப்பது. பாடமாகப் போட்டால் வாங்க ஆள் இருக்கும். விற்றவன்தான் பள்ளியில் இருக்க மாட்டான்.

அட்டவணை ‘உங்கள் நாளைத் திட்டமிடுங்கள்’ என்று தலைப்பே வைத்துவிட்டாள். கேட்டதுமே தூக்கம் வருகிறது.

ஜூன் 5

அதிசயம்! அதிசயம்!

பார்சல் கொடுக்க வந்தவர் பக்கத்து வீட்டுப் பொட்டலத்தை எங்களிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். நான் பால்கனியிலிருந்து கத்தினேன். திரும்பவில்லை. அப்பா வந்தார். இரண்டு விரலை வாயில் வைத்தார். ஒரு விசில் — என் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தெருமுனையில் வண்டி நின்றது. அதற்குப் பின்னால் வந்த பேருந்தும் நின்றது.

என் அப்பா நூலகர். நாள் முழுக்க ‘உஷ்’ சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். அவருக்குள் இப்படி ஒரு ரயிலா?

“எப்பப்பா கத்துக்கிட்டீங்க?”

“காலேஜ்ல, கால்பந்து மேட்ச் பார்க்கப் போறப்போ. வெளியில சொல்லித் தொலைக்காதே. நூலகத்துல தெரிஞ்சா ஒருத்தன் மதிக்க மாட்டான்.”

பாடம் கிடைத்துவிட்டது.

ஜூன் 6

காலையிலிருந்து அப்பா சொன்னபடியே செய்து பார்க்கிறேன். காற்று. எச்சில். மறுபடி காற்று. மேஜை நனைந்தது.

அதனால் என்ன? பாடம் நடத்த முகம் வேண்டும், என்னிடம் இருக்கிறது. ஓசை வேண்டும், அப்பாவிடம் இருக்கிறது. நான் கேமரா முன்னால், அவர் அலமாரிக் கதவுக்குப் பின்னால். நான் கன்னத்தை உப்பும்போது அவர் ஊதுவார்.

“இது ஏமாத்து வேலை இல்லையாடா?” என்று கேட்டார்.

“கூட்டு முயற்சிப்பா. உங்க பேரும் வெளியில வராது.”

கடைசியில் சொன்னதுதான் வேலை செய்தது.

ஜூன் 7

ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றும் நான்கு நிமிடம். ஒரே நாளில் எடுத்து முடித்தேன். விரலை எங்கே வைப்பது, நாக்கை எப்படி மடிப்பது, எந்தக் கோணத்தில் ஊதுவது — எல்லாம் அப்பா சொல்லச் சொல்ல எழுதி, நானே கண்டுபிடித்த மாதிரி பேசினேன். பதினெட்டு ஆகாதவன் விற்க முடியாதாம். கணக்கு அப்பா பெயரில், புகழ் என் பெயரில்.

தலைப்பு: ‘ஐந்தே பாடத்தில் விரல் விசில்’. கீழே கொட்டை எழுத்தில்: ‘வராவிட்டால் பணம் வாபஸ்!’

ஜூன் 8

முதல் மாணவர்! முன்னபின்ன தெரியாதவர்! வாழ்க அவர் குடும்பம்!

ஜூன் 10

இலவசமாகப் போட்ட அரை நிமிடத் துண்டு பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. மொட்டைமாடியில் நான் விரலை வைத்ததும் எதிர்க் கட்டடத்தில் மூன்று ஜன்னல்கள் திறக்கும் காட்சி. (அப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். முட்டி வலிக்கிறதாம்.)

எனக்கு ஆறு பேர். அட்டவணைக்கு ஐந்து. கண்ணாடியைப் பார்த்து “விசில் வேந்தன்” என்று சொல்லிக்கொண்டேன். பின்னால் நின்ற அக்கா, “வேந்தனுக்கு மூக்குல பவுடர்” என்றாள்.

ஜூன் 12

பத்து! பத்தாவதாகச் சேர்ந்தவர் ஓர் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா. அட்டவணை எட்டில் நொண்டுகிறாள். அறைக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஜூன் 13

திரைச்சீலை ஒத்திவைப்பு.

இரட்டை அம்மாவிடமிருந்து கடிதம். ‘தம்பி, பூங்காவில் விட்டால் என் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் ஓடுகிறார்கள். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. அதற்காகத்தான் சேர்ந்தேன். மூன்றாம் பாடத்தை நாற்பது தடவை பார்த்துவிட்டேன், காற்றுதான் வருகிறது. நாளைக்கு நேரலையில் காட்டு. இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடு.’

திருப்பிக் கொடுத்தால் ஒன்பது. ஒன்பது என்றால் ஈரத்துணி. கொட்டை எழுத்தில் எழுதும்போது நான் என்ன சாப்பிட்டிருந்தேன்?

மற்றவர்களையும் அழைத்துவிட்டேன். நாளை மாலை நான்கு மணி. “அலமாரிக்குப் பின்னாடி இதுதான் கடைசி” என்கிறார் அப்பா.

ஜூன் 14

இதை எழுதியே ஆக வேண்டும்.

திரையில் பத்துச் சதுரங்கள், பத்து முகங்கள். “எல்லாரும் கவனிங்க” என்று விரலை வைத்தேன். கன்னத்தை உப்பினேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து அப்பா ஊதினார். மேஜையில் இருந்த டம்ளர் அதிர்ந்தது. திரையில் ஒரு முகமும் அசையவில்லை.

மறுபடி. அதே கதை. மூன்றாம் முறை அப்பா உயிரைக் கொடுத்து ஊதினார். எல்லோரும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

இரட்டை அம்மா பாவமாகக் கேட்டார்: “தம்பி, உனக்கும் காத்துதானா?”

அப்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து அப்பா கிசுகிசுத்தார். “டேய், அவங்களுக்குக் கேக்கலையா?”

அது கேட்டுவிட்டது! ஊரை நிறுத்திய விசில் கேட்கவில்லை, கிசுகிசு கேட்டுவிட்டது!

“யாரு தம்பி அது?”

என்ன சொல்ல? பூனை என்றா? அதற்குள் அக்கா புயல் மாதிரி உள்ளே வந்தாள். “மக்கு! பின்னணி இரைச்சலை வடிகட்டற வசதி ஓடிட்டிருக்கு. விசிலையும் இரைச்சல்னு நினைச்சு அது முழுங்கிடும்.” இரண்டு தட்டுத் தட்டி அதை அணைத்தாள். அவளுக்கு எட்டுதான், நான் தோற்றாலும் அறை அவளுக்கு இல்லை. இருந்தாலும் எதற்கு உதவினாள் என்று அப்புறம் கேட்டேன். “பத்துப் பேர் ஒண்ணும் கேக்காம உக்காந்திருக்காங்க. பார்க்கச் சகிக்கல” என்றாள்.

அப்பா வெளியே வந்தார். தோளில் ஒரு காலுறை தொங்கியது. கேமராவைப் பார்த்து, “மன்னிக்கணும், ஊதினது நான்” என்று சொல்லிவிட்டு ஊதினார். பத்துப் பேரும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்கள். ஒருவர் காபியைக் கொட்டிக்கொண்டார்.

இனி மறைக்க என்ன இருக்கு? சொல்லிட்டேன். “எல்லா வீடியோவிலயும் அப்பாதான். எனக்கு வராது. காசு வேணும்னா எல்லாருக்கும் திருப்பித் தந்துடறேன்.” ரூம் போச்சு, மானம் போச்சு.

ஆனால் இரட்டை அம்மா என்னைக் கவனிக்கவே இல்லை. “ஐயா, இன்னொரு தடவை. கேமரா கிட்ட வாங்க… நில்லுங்க! நீங்க உதட்டை உள்ள மடிச்சுப் பல்லை மூடறீங்க. தம்பி எந்தப் பாடத்திலயும் மடிக்கவே இல்ல.”

“நான் மடிக்கிறேனா?” என்று அப்பா உதட்டைத் தொட்டுப் பார்த்தார். முப்பது வருடமாக ஊதுகிற மனிதருக்கு இன்றுதான் தெரியும். தெரியாததை எனக்கு எப்படிச் சொல்லியிருப்பார்? ஊதத் தெரியாத நான் எப்படிக் கண்டுபிடித்திருப்பேன்?

இரட்டை அம்மா உதட்டை மடித்தார். காற்று. மறுபடி காற்று. பிறகு கெட்டில் கொதிக்கிற மாதிரி மெல்லிசாக ஒன்று. அடுத்தது — சுத்தமான விசில்! அவருக்குப் பின்னால் இரண்டு கதவுகள் வழியாக இரண்டு பிள்ளைகள் ஓடி வந்து திருதிருவென்று நின்றார்கள்.

“பணம் வேண்டாம் தம்பி. மூணாம் பாடத்தை மட்டும் மாத்திடு” என்றார். மற்றவர்களும் கேட்கவில்லை. எல்லோரும் உதட்டை மடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

ஆறு மணிக்கு அம்மா எண்ணினாள். எனக்குப் பத்து. அக்காவுக்கு எட்டு. “யார் ஊதணும்னு நான் விதி போடல. போட்டிருக்கணும்” என்றாள். அறை எனக்கு.

ஜூன் 15

மூன்றாம் பாடத்தை அப்பாவின் உதட்டோடு மறுபடி எடுத்துப் போட்டாயிற்று. ஆசிரியர் பெயரையும் மாற்றினேன். எனக்குக் கிடைத்த பதவி: ஒளிப்பதிவு.

ஜூன் 16

குடி புகுந்தேன். தாழ்ப்பாள் போட்டேன். எடுத்தேன். போட்டேன். சொர்க்கம்.

ஜூன் 17

நூலகத்தில் வாசகர் ஒருவர் அப்பாவைப் பார்த்து இரண்டு விரலை வாய்க்கு அருகே காட்டினாராம். அப்பா ஒரு சீட்டில் ‘ஐந்து மணிக்கு, வாசலில்’ என்று எழுதி, அழகாகத் தேதி முத்திரை குத்திக் கொடுத்தாராம்.

ஜூன் 18

ரப்பர் சிலந்தியைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். என் தலையணை. நான் பயப்படவில்லை.

ஜூன் 21

இன்று மூலை அறையை அப்பாவின் விசில் வகுப்புக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, பழையபடி அக்கா அறைக்கே திரும்பிவிட்டேன். வாரி வழங்கிய வள்ளல் என்று நானே என்னைப் பற்றி வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அம்மா நெகிழ்ந்துபோய் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அக்கா மட்டும் சந்தேகமாகப் பார்த்து, “என்னடா திட்டம்?” என்றாள். “கலைக்காக ஒரு தியாகம்” என்றேன்.

தியாகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அஞ்சு நாளா அந்த ரூம்ல சண்டை போட ஆளே இல்ல. கதவைப் பூட்டிக்கிட்டு, அக்கா வந்து தட்டுவா, திறக்க மாட்டேன்னு வெறுப்பேத்தலாம்னு உக்காந்திருந்தேன். அவ வரவே இல்ல. நேத்து மத்தியானம் — இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது — உள்ள இருந்து நானே தட்டினேன்.