கழுத்துக்கு வந்த கட்டி

ராய்ப்பூர்

அன்புள்ள சரசு,

நீயும் எருமைகளும் நலமா? புகையிலையை விட்டுவிட்டேன் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தது பொய். தலை பத்திரமாகத்தானே இருக்கிறது?

போனில் சொன்னால் உன் வசவு போர்வெல் வண்டிச் சத்தத்தையும் மிஞ்சும், அதனால் எழுதுகிறேன். கன்னத்துப் புண் புற்றுநோயாம். கழுத்திலும் கட்டி வந்துவிட்டது.

“ஏஞ்சாமி, கன்னத்துல இருந்தது கழுத்துக்கு எப்படிப் போச்சு?” என்று தமிழ் தெரிந்த நர்ஸிடம் கேட்டேன்.

“உள்ள ஓடுற நிணநீர்ல கலந்து போகும்ணா.”

ஒரு காட்டில் துளை போட்டால் அடுத்த காட்டுக் குழியில் கலங்கல் வருவதை இருபது வருடம் பார்த்தவன், உடனே புரிந்துகொண்டேன். நுரையீரலுக்கும் போயிருக்கிறதா என்பது நாளை தெரியும். களைப்புதான், வேறொன்றுமில்லை.

நம்மூர் வண்டி இங்கே கிளம்பினால் ராகி மாவும், போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றும் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

ஸ்கேனுக்கு வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். லுங்கி அதில்தான் நின்றிருந்தது.

செங்கோடன்